ஃபிஜிக்கு எல்லைப் பெட்டி போட்ட கதை

ஃபிஜித் தீவுகளின் வெக்டர் லேயரையும் (கரைக்கோடுகளை ஆயங்களாக வைத்திருக்கும் ஃபைல்) ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய வானிலைத் தொகுப்பின் வெப்பநிலைத் தரவையும் ஒரே படத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. தீவுகளின் எக்ஸ்டென்டை, அதாவது அவற்றை அடைக்கும் எல்லைப் பெட்டியை எடுத்து, அந்த அளவுக்குத் தரவை வெட்டி, மேலே கரைக்கோடு வரைந்தால் தீர்ந்தது. ஜியோபாண்டாஸ் என்ற பைதான் நூலகத்தில், எல்லை எண்களைத் தரும் டோட்டல்_பவுண்ட்ஸைக் கேட்டேன். மேற்கு -180, கிழக்கு 180 என்று வந்தது. ஒரு சின்னத் தீவுக்கூட்டத்துக்கு உலகத்தையே சுற்றி ஒரு பட்டை!

நிரல் பொய் சொல்லவில்லை. நெட்டாங்கு எண் 180-இலிருந்து -180-க்குத் தாவும் 180 பாகைக் கோட்டின் இரு பக்கமும் ஃபிஜி கிடக்கிறது. ஃபைலில் அந்தக் கோட்டோடு தீவுகளை நறுக்கியிருந்தார்கள். ஆகச் சிறிய எக்ஸ் (நெட்டாங்கு), ஆகப் பெரிய எக்ஸ் என்று மட்டும் தேடினால் இதுதான் கிடைக்கும்.

புவியியல் தரவை எழுதும் ஜியோஜேசான் வடிவத்துக்கு 2016-ல் வந்த தரநிலையான ஆர்எஃப்சி 7946 இதற்கு ஃபிஜியையே உதாரணம் காட்டுகிறது: மேற்கு 177, தெற்கு -20, கிழக்கு -178, வடக்கு -16. மேற்கு எண் கிழக்கைவிடப் பெரிதாக இருந்தால் பெட்டி கோட்டைத் தாண்டுகிறது. அகலம் 5 பாகை. இரண்டையும் இடம் மாற்றினால் 355. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே நான்கு எண்களை வடிவங்களைக் கையாளும் ஷேப்லி நூலகத்தின் பாக்ஸிடம் கொடுத்தால், அதற்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. 355 பாகைப் பெட்டியையே நீட்டும்.

அதனால் எதிர்ம நெட்டாங்குகளுக்கெல்லாம் 360 கூட்டினேன். எக்ஸ்டென்ட் 177-க்கும் 182-க்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. ஈஆர்ஏ5-இன் நெட்டாங்கும் 0 முதல் 359.75 வரை ஓடுவதால் அந்தப் பக்கம் ஒன்றும் தொட வேண்டியிருக்கவில்லை. அகலாங்கில்தான் கவனம் தேவை: அது 90-இல் தொடங்கி -90-க்கு இறங்குகிறது. தரவை வெட்டும் எக்ஸ்அரே நூலகத்தில் வடக்கு எண்ணை முதலில் கொடுக்காவிட்டால் பிழைச்செய்தி வராது, காலியான தரவு வரும்.

அதிக நேரம் தின்றது அரைக் கட்டம். ஈஆர்ஏ5 தரும் ஆயங்கள் கட்டத்தின் நடுப்புள்ளிகள்; படம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் இம்ஷோ எதிர்பார்ப்பது விளிம்பு. கட்டம் 0.25 பாகை என்றால் நான்கு பக்கமும் 0.125 வெளியே தள்ள வேண்டும். ஃபிஜி இருக்கும் இடத்தில் அது 13 கிலோமீட்டருக்கு மேல்; விட்டுவிட்டால் கரைக்கோடும் வண்ணமும் ஒட்டாமல் நிற்கும். போதாக்குறைக்கு வரிசையும் வேறு. டோட்டல்_பவுண்ட்ஸ் மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்று தரும். இம்ஷோ இடம், வலம், கீழ், மேல் என்று கேட்கும். ஆளுக்கொரு வரிசை ஏன் என்று யாரைக் கேட்பது?

கடைசியில் மீட்டர் அளவில் ஒரு படம் கேட்டார்கள். ஃபிஜிக்கான மீட்டர் அளவு ஆயமுறையான ஃபிஜி மேப் கிரிடுக்கு (ஆயமுறைப் பட்டியலில் அதன் எண் ஈபிஎஸ்ஜி 3460) மாற்றினேன். அப்படி மாற்றும்போது பெட்டியின் நேர் விளிம்புகள் வளையும்; இரண்டு மூலைகளை மட்டும் மாற்றினால் அந்த வளைவு வெட்டுப்படும். ராஸ்டீரியோ நூலகத்தின் டிரான்ஸ்ஃபார்ம்_பவுண்ட்ஸ் ஒவ்வொரு விளிம்பிலும் 21 புள்ளிகளைச் செருகி மாற்றுகிறது; அதைத்தான் பயன்படுத்தினேன். இப்போது வெட்டுவதற்கு முன் பெட்டியின் அகலத்தைப் பார்க்கும் ஒரு வரி என் நிரலில் இருக்கிறது: 180 பாகையைத் தாண்டினால் அங்கேயே நின்றுவிடும்.