டப்பா இன்னைக்கு எத்தனை உருண்டை?

காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் நான் செய்கிற வேலை, பூனை மூத்திரத்தை எண்ணுவது. பெண்டோனைட் மண்ணில் பூனை போனால் அந்த இடம் இறுகி உருண்டையாகிவிடும். கரண்டியால் அள்ளி, எத்தனை, என்ன அளவு என்று பார்த்துவிட்டுத் தினசரி காலண்டரில் குறித்து வைப்பேன். எங்கள் வீட்டுக் காலண்டரில் எமகண்டத்துக்குக் கீழே '2 பெரிசு, 1 சின்னது' என்று எழுதியிருக்கும். எலுமிச்சம்பழ அளவில் இரண்டு மூன்று இருந்தால் நிம்மதியாகக் காபி போடலாம். கோலிகுண்டு மாதிரி ஏழெட்டு கிடந்தால் அன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை எதுவும் டைப் ஆகாது. (நான் டி.டி.பி. வேலை செய்கிறவள். வீட்டிலிருந்தேதான்.)

டப்பா கீழ்வீட்டு மளிகைக் கடையின் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் கிடைத்தவன், அதனால் அந்தப் பெயர். செம்பட்டை நிறம், ஆண், கருத்தடை ஆனவன், 6 கிலோவைத் தாண்டிய குண்டன். மூன்றாம் மாடியை விட்டு இறங்கியதில்லை. காய்ந்த தீனி தவிர வேறு எதையும் மோந்துகூடப் பார்க்கமாட்டான். ஆண் பூனைக்கு நீரடைப்பு வர என்னென்ன தகுதி வேண்டுமோ அத்தனையும் அவனிடம் இருந்தது. எனக்குத்தான் தெரியாது.

2023 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது, நவம்பர் 12. அம்பத்தூரில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிட்டார்கள். டப்பா பீரோவுக்குப் பின்னால் போய் ஒடுங்கியவன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. ராத்திரியில் வந்து நாலு வாய் தின்றிருப்பான், அவ்வளவுதான். திங்கள் சாயங்காலம் வெளியே வந்தான். மண் தட்டில் ஏறி உட்கார்ந்தான். முக்கினான். இறங்கினான். ஐந்து நிமிஷத்தில் மறுபடி ஏறினான். பிறகு பாத்ரூம் ஜலதாரை ஓரம், அப்புறம் மடித்து வைத்திருந்த என் காட்டன் புடவை. போகும் இடமெல்லாம் உட்கார்ந்து முக்கினான்.

மலச்சிக்கல் என்று நானே முடிவு கட்டினேன். வழக்கமாகக் காட்டும் டாக்டருக்குப் போன் போட்டு, "டாக்டர், ரெண்டு நாளா சரியா சாப்பிடலை, மோஷன் போகமாட்டேங்கிறான்" என்றேன். அவர் ஒரு சிரப் சொன்னார், காலையில் கொண்டுவரச் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. நான் சொன்ன வியாதிக்கு அவர் மருந்து சொன்னார்.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மோஷன் இல்லைடி. இவனுக்குச் சூடு பிடிச்சிருக்கு. தொப்புள்ல விளக்கெண்ணெய் வை."

"பூனைக்குத் தொப்புள் எங்கம்மா இருக்கு?"

நிஜமாகவே தேடினோம். இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், 'சூடு பிடித்தல்' என்று நம் வீடுகளில் சொல்வதே மூத்திரம் கடுத்து, சொட்டுச் சொட்டாக வருவதைத்தான். அம்மாவின் வைத்தியம் உதவாதே தவிர, பார்வை சரியாக இருந்தது. கூகுள் பார்த்த நான் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தான். அதுவரை அவனிடம் கேட்காத குரல். கீழே நக்கிக்கொண்டே இருந்தான். வலிக்குப் பாதி பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று மாத்திரையைக் கையில்கூட எடுத்துவிட்டேன். எப்படி விழுங்க வைப்பது என்று தெரியாமல் திரும்ப வைத்தேன். பிறகு டாக்டரிடம் இதைச் சொன்னபோது, "அதைக் கொடுத்திருந்தீங்கன்னா அடைப்பைப் பத்திப் பேசவே வேண்டியிருந்திருக்காது" என்றார். பூனையின் உடம்பால் பாராசிட்டமாலைச் சமாளிக்க முடியாது. ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். இது தெரியாத வீடுகள் நிறைய இருக்கின்றன, எங்கள் வீடு மாதிரி.

செவ்வாய் காலை இரண்டு தடவை வாந்தி. தலையைத் தூக்கவில்லை. துணிக்கூடையில் துண்டு விரித்து, ஆட்டோ பிடித்து, அண்ணா நகர் பக்கம் ஸ்கேன் வசதி இருந்த கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டரம்மா வயிற்றில் கை வைத்து இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது.

"கடைசியா எப்போ யூரின் போனான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மேல்மாடி கட்டும்போது மிஞ்சிய எம்-சாண்டைத்தான் தட்டில் போட்டுவந்தேன், காசு மிச்சம் என்று. அந்த மணலில் மூத்திரம் உருண்டையாகாது, அடியில் இறங்கிவிடும். நேற்றா, முந்தாநாளா, எவ்வளவு, எதுவும் தெரியாது. அந்த நிமிஷம் பட்ட அவமானத்தில்தான் காலண்டர் கணக்கு பிறந்தது.

என் விரலைப் பிடித்து வயிற்றில் வைத்துக் காட்டினார். காய்வெட்டான சாத்துக்குடி மாதிரி கல்லாக ஒரு உருண்டை. "அமுக்கிடாதீங்க, கிழிஞ்சுடும்."

ஆண் பூனையின் மூத்திரக்குழாய் நுனியில் போகப்போக ஒடுங்கிவிடும். பெண் பூனைக்கு அது அகலம், நீளமும் குறைவு. அதனால் கடுப்பு இருபாலுக்கும் வந்தாலும் அடைப்பு அநேகமாக ஆணுக்குத்தான். அடைத்துவிட்டால் வெளியே போகவேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வரும். முழுசாக அடைத்த பூனைக்கு இரண்டு மூன்று நாள்தான் கெடு. டப்பாவுக்கு அன்று பொட்டாசியம் 7.6, சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவான கிரியேட்டினின் 8க்கு மேல். முதலில் ஊசியும் டிரிப்ஸும் போட்டு இதயத்தை நிலைப்படுத்திவிட்டு, பிறகு மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு, சலைன் பீய்ச்சி அடைப்பைத் தள்ளினார்கள். பையில் இறங்கிய மூத்திரம் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறம். குழாய் இரண்டு நாள் உள்ளேயே இருந்தது, நக்கி இழுத்துவிடாமல் கழுத்தில் கூம்பு. அடைப்பு விட்டதும் சிறுநீரகம் மடை திறந்த மாதிரி கொட்டுமாம். எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்து அளந்து அதற்கு ஈடாக டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். பில் 14,800 ரூபாய். அந்த மாதம் நான் டைப் செய்த பத்திரிகை அத்தனையும் அவன் மூத்திரத்தில் போயிற்று.

அடைத்திருந்தது என்ன என்று மைக்ராஸ்கோப்பில் காட்டினார். சவப்பெட்டி மூடி மாதிரி பளபளவென்று ஸ்ட்ரூவைட் படிகங்கள், அவற்றை ஒட்டவைத்த சளி. எக்ஸ்ரேயில் கல் இல்லை. மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று சோதித்ததில் அதுவும் இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம், 'இன்ஃபெக்‌ஷன்' என்றே நினைத்திருந்தேன். வயதான பூனைகளுக்குக் கிருமி வருவது உண்டு. டப்பா வயதுக்காரர்களுக்கு அது அபூர்வம். பெரும்பாலும் காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பைப் புண்தான், அதைத் தூண்டிவிடுவது பயமும் மன உளைச்சலும். "தீபாவளியா?" என்று டாக்டரம்மாவே கேட்டார். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் 2011இல் இதற்குப் 'பண்டோரா சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்திருக்கிறார். கோளாறு மூத்திரப்பையோடு நிற்பதில்லை, பூனையின் மொத்த வாழ்க்கையையும் பார்க்கவேண்டும் என்பது அவர் வாதம். பத்தாயிரம் வாலாவை அவர் கேட்டிருக்கிறாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா வாழைத்தண்டு சாறு எடுத்துவிட்டாள். மனுஷருக்கு வரும் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்ஸலேட், இவனுடையது வேறு ஜாதி. ஸ்ட்ரூவைட் என்றால் அதற்கென்று இருக்கும் உணவிலேயே கரையும். பூனைக்கு ஆக்ஸலேட் கல் வந்தால் எந்தத் தீனியும் கரைக்காது, எடுக்கத்தான் வேண்டும். அதனால் சோதிக்காமல் கடையில் 'யூரினரி' என்று போட்ட பையை வாங்கிப் போடுவதும் ஒருவகை விளக்கெண்ணெய்தான். சாற்றை நானும் அம்மாவும் குடித்தோம்.

எங்களுக்குக் கிடைத்த உண்மையான மருந்து தண்ணீர். பூனையின் மூதாதை ஆப்பிரிக்கப் பாலைவனப் பக்கத்துக் காட்டுப்பூனை. தாகம் எடுத்துக் குடிக்கும் வழக்கம் குறைவு, எலியிலிருந்தே தண்ணீர் கிடைத்துவிடும். காய்ந்த தீனியில் தண்ணீர் பத்து சதவீதம்கூடச் சரியாக இருக்காது. ஈரத் தீனியில் எண்பது வரை. 85 கிராம் பாக்கெட் ஒன்றைத் தின்றால் அறுபது மில்லிக்கு மேல் உள்ளே போகிறது. இதைத் தெரிந்துகொள்வது சுலபம், டப்பாவை ஒப்புக்கொள்ள வைக்க ஏழு வாரம் ஆனது. பட்டினி போட்டுப் பழக்கக்கூடாது, குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் ஈரல் கெட்டுவிடும். காய்ந்த தீனியின்மேல் ஒரு ஸ்பூன் ஈரத் தீனி, பிறகு இரண்டு ஸ்பூன் என்று ஏமாற்றினேன். கடைசியில் அவனை மடக்கியது உப்பும் மஞ்சளும் போடாமல் சங்கரா மீன் வேகவைத்த தண்ணீர். அம்மா கண்டுபிடிப்பு. அதைத் தீனியில் ஊற்றினால் தட்டை நக்கித் துடைத்து வைக்கிறான். மண் சட்டி ஒன்றில் தண்ணீர் ஹாலில், இன்னொன்று என் கம்ப்யூட்டர் மேஜையடியில். ஸ்டீல் கிண்ணத்தை அவன் மதிப்பதில்லை. மண் தட்டும் இரண்டு, ஒரு பூனை இருந்தால் இரண்டு வைக்கவேண்டுமாம்.

வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் மறுபடி முக்கினான். சிரப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டோ. வயிறு மெத்தென்று இருந்தது. கடுப்புதான், அடைப்பில்லை. வலிக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். "சும்மா வந்துட்டேனோ டாக்டர்?" என்றேன். "இப்படிச் சும்மா வர்றவங்கதான் வேணும்" என்றார். திரும்பத் திரும்ப அடைத்தால் குழாயின் ஒடுங்கிய நுனியை எடுத்து அகலப்படுத்தும் அறுவை உண்டு. எங்களுக்கு அதுவரை போகவில்லை.

2024 தீபாவளி வியாழக்கிழமை, அக்டோபர் 31. டாக்டரம்மா முன்கூட்டியே எழுதிக் கொடுத்த மாத்திரை, பாத்திரம் வைக்கும் உள்ரூம், ஜன்னலில் கம்பளி, ஃபேன் ஐந்தில், ரேடியோ, மண் தட்டு, மீன் தண்ணீர். நான் உள்ளே பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். சரவெடிக்கு அண்டாவுக்குள் போனான், வெளியே வந்தான், மறுபடி போனான். நடுநிசிக்கு மேல் தட்டில் மண் பறிக்கும் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மூடிவிட்டு இறங்கினான்.

கதவுக்கு வெளியிலிருந்து அம்மா குரல்: "போனானாடி?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். "பெரிசும்மா."