சிம் போட இடம் இருந்தது, மோடம்தான் இல்லை

மன்னார்குடியைச் சுற்றியிருக்கும் அரிசி ஆலை, உரக்கடைகளுக்கு நேரில் போய்க் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். இத்தனை நாள் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் வண்டி ஓடியது. ஆனால் ஹாட்ஸ்பாட்டை விண்டோஸ் சாதாரண வைஃபை என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு 20-ஆம் தேதி, 3பி என்கிற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள், காலையிலேயே அப்டேட் இறங்கி அன்றைய 1.5 ஜிபியும் காலி. மில் முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன தம்பி, சுத்திக்கிட்டே கிடக்கு?" என்று கேட்டார். சிம் போடுகிற லேப்டாப் ஒன்று வாங்கிவிடுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பழைய லேப்டாப் கிடைத்தது. பக்கவாட்டில் சிம் தட்டு. "சிம் போட்டா நெட் வருமாண்ணே?" என்று வாய்விட்டே கேட்டேன். "ஸ்லாட் இருக்குல்ல சார், போட்டா வரும்" என்றார்.

வரவில்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் வைஃபை இருக்கிறது, ஈதர்நெட் இருக்கிறது, 'செல்லுலார்' என்கிற வரியே இல்லை. சிம்மைத் திருப்பிப் போட்டேன், டிரைவர் இறக்கினேன், விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு. கடைசியில் ஸ்குரூவைக் கழற்றி அடிமூடியைத் திறந்து பார்த்தால், சிம்மை நெட்வொர்க்கோடு பேச வைக்கிற மோடம் கார்டு உட்கார வேண்டிய இடம் காலி. கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று என இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்கள், முனையில் பிளாஸ்டிக் உறை மாட்டி, டேப் போட்டு ஒட்டிக் கிடந்தன.

விஷயம் இதுதான். ஒரு மாடலின் எல்லா வகைக்கும் உடம்பைப் பெரும்பாலும் ஒன்றாகவே வார்க்கிறார்கள். மோடம் கார்டு தனிக்காசு. முதலில் வாங்கிய கம்பெனி அதற்குப் பணம் கட்டவில்லை என்றால் சிம் தட்டு வெறும் அலங்காரம். விளம்பரத்தில் 'டபிள்யூவான் ரெடி' (டபிள்யூவான் என்றால் சிம் வழி நெட்) என்று இருந்தால் வயர் ரெடி, கார்டு உங்கள் செலவு என்று படித்துக்கொள்ளுங்கள். சிலதில் வயரும் இருக்காது. கடையிலேயே லேப்டாப்பை ஆன் செய்து 'செல்லுலார்' வரி வருகிறதா என்று பார்த்திருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை.

கடைக்குப் போன் போட்டால், "கார்டு இருக்கு, வாங்க சார்" என்றார். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, வாங்கிக்கொண்டு அன்றிரவே திரும்பினேன். மாட்டுவது கஷ்டமில்லை. ஆன்டெனா முனைதான் அரை அரிசி அளவு. நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் டிக் என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். மெயின், ஆக்ஸ் என்று கார்டிலேயே குறி இருக்கிறது.

பவர் பட்டனை அமுக்கினேன். கறுப்புத் திரையில் ஒரே வரி: அன்ஆதரைஸ்டு நெட்வொர்க் கார்டு. அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. கார்டைக் கழற்றினால் சமர்த்தாக ஓடுகிறது. தயாரித்தவர்கள் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் லேப்டாப்பை எழுப்புகிற புரோகிராமில், ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம். அதில் இல்லாத கார்டு என்றால் லேப்டாப்பே எழுந்திருக்காது. நம் காசு, நம் லேப்டாப், உள்ளே எது இருக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள்!

மறுபடி மன்னை எக்ஸ்பிரஸ். இந்த முறை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கி, அதில் இருந்த பார்ட் நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். "எல்லா கார்டும் ஒண்ணுதான் சார்" என்று ஆரம்பித்தவர், தாளைப் பார்த்ததும் பேசாமல் உள்ளே போய் வேறு பெட்டியைத் திறந்தார். மாற்றிக் கொடுத்தார், 300 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு. பார்ட் நம்பரோடு பேண்டையும், அதாவது கார்டு எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பதையும், பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கு வந்த கார்டுகளும் அங்கே கலந்து கிடக்கின்றன. ஜியோ போடுவதாக இருந்தால் பேண்ட் 3, 5, 40 மூன்றும் வேண்டும்.

புது சிம்மை முதலில் போனில் போட்டு உயிர் கொடுத்துக்கொண்டேன். சரிபார்ப்பு அழைப்பு சிம்மிலிருந்தே போக வேண்டும், லேப்டாப்பில் அதற்கு வழியில்லை.

லேப்டாப்புக்கு மாற்றியதும் நாலு கோடு சிக்னல். கனெக்டட் என்றும் சொல்கிறது. ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. கஸ்டமர் கேரில் பேசியவர், "போன்ல நெட் வருதா சார்? அப்ப எங்க பக்கம் பிரச்சனை இல்ல" என்று வைத்துவிட்டார். இரவு 11 மணிக்குத்தான் ஏபிஎன் ஞாபகம் வந்தது, சிம் கம்பெனியின் நெட்டுக்குள் நுழைய செட்டிங்ஸில் கொடுக்கிற பெயர் அது. பார்த்தால் வேறு ஏதோ கம்பெனியின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஜியோவுக்கு 'ஜியோநெட்', பிஎஸ்என்எல்லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்'. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடம் விடாமல். பயனர் பெயர், பாஸ்வேர்டு காலியாகவே விடலாம். அடித்து சேவ் கொடுத்த அடுத்த நொடி மெயில் எல்லாம் கொட்டியது. செல்லுலாரை விண்டோஸ் தானாகவே 'மீட்டர்டு', அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய நெட், என்று வைத்துக்கொள்கிறது, அதனால் அப்டேட் தொல்லையும் குறைந்தது.

இந்த 11-ஆம் தேதி உரக்கடையில் உட்கார்ந்து ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனை ரிட்டர்ன் போட்டேன். போர்ட்டல் சட்டென்று திறந்தது, பில் எல்லாம் ஏறியது. ஓடிபி கேட்கிற இடத்தில்தான் நின்றது. அது வர வேண்டிய போனை முதலாளி வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தார்.