லிஃப்டில் ஒட்டிய ஆமை நோட்டீஸ்: மூன்றாவது பிரதி

எழுத்துப் பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட வேலை இது. எங்கள் குடியிருப்பு நீலாங்கரைப் பக்கம், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மொட்டை மாடியில் நான்கு ஃபோகஸ் லைட், விடிய விடிய எரியும். ஆமை சீசனில் மட்டுமாவது அவற்றை அணைக்கவைக்க ஒரு பக்க நோட்டீஸ் எழுத வேண்டும்.

முதல் பிரதி முழுக்கத் தகவல். பங்குனி ஆமை ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இடும், சுமார் 50 நாளில் பொரியும், குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும், இருட்டுக் கரையில் அது கடல், இங்கே தெருவிளக்கு. லிஃப்டில் யாரும் படிக்கவில்லை. நானே படித்திருக்க மாட்டேன்.

அப்புறம் நேர் எதிராகப் போனேன். "உங்கள் விளக்கு கொலை செய்கிறது" என்று ஆரம்பம். மாலைக்குள் யாரோ பேனாவால் எழுதிவிட்டார்கள்: "முதல்ல ரோட்டு லைட்டை அணைக்கச் சொல்லுங்க." கூண்டில் ஏற்றினால் ஆள் வாதாடத்தான் செய்வார்.

அதில் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்த ஆமையாகும் என்பார்களே, அதை விளக்கு வரிக்கு அடுத்து வைத்தேன். நண்டும் காக்காவும் மீனும் தின்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. எழுதியது பொய்யில்லை, வைத்த இடம்தான் பொய்.

மூன்றாவதில் ஒரே ஒரு குஞ்சு. போன மார்ச்சில் விடியற்காலை நான் பார்த்த தடம்: குழியிலிருந்து கிளம்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டோரச் சுவர் வரை. "பாவம்" என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதவில்லை.

இரண்டாம் மாடி அக்கா நிறுத்திக் கேட்டார். "படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு தம்பி. ஆனா நான் என்ன பண்ணணும்னு போடலையே? ராத்திரி நடக்குற பசங்க முட்டையை எடுத்துடுவாங்கல்ல?"

மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் ராத்திரியில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிக்க வைக்கிறார்கள், உண்மைதான். அவர்கள் கண்ணில் படாத குழிகளும் உண்டே. அதை ஒரு வரியாகச் சேர்த்தேன். கீழே பெரிய எழுத்தில்: "இரவு பத்துக்கு மேல் பால்கனி விளக்கு வேண்டாம். திரையை இழுத்து விடுங்கள்."

பால்கனிகள் பாதிக்கு மேல் இருட்டாகிவிட்டன. மாடியில் இரண்டு அணைந்தன. மீதி இரண்டும் பாதுகாப்புக்கு வேண்டும் என்கிறார் செயலாளர். சரி, கீழ்நோக்கித் திருப்பி மஞ்சள் பல்பு போடலாமே என்று அவருக்கு மட்டும் நான்காவது பிரதி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஆமைக்கு ஒரு வரி, கரன்ட் பில்லுக்கு மூன்று.