தேடிக் கிடைத்ததும் தேடாமல் ஆம்பிட்டதும்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்க என்னிடம் வருகிற பிள்ளைகளின் கொப்பிகளில் ‘ஃபைண்ட்’ என்ற சொல்லுக்கு நேரே டிஸ்கவர், லொகேட், டிடெக்ட், ஸ்பொட் என்று ஒரு நீளமான ஒத்தசொற் பட்டியல் இருக்கும். அதை மனனம் செய்த பிள்ளை, தொலைந்த குடையைக் கட்டிலுக்கடியில் ‘டிஸ்கவர்’ செய்ததாக எழுதிவிட்டு, பெரிய சொல்லைப் போட்டும் புள்ளி ஏன் குறைந்தது என்று கேட்கிறது. பட்டியல் பிழையானதல்ல, எந்தச் சொல்லை எந்த வேளையில் எடுக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஃபைண்ட் என்பது எல்லா வேலையும் செய்கிற சொல். தேடிக் கிடைத்தாலும், தேடாமல் கண்ணில் பட்டாலும் அதையே சொல்லலாம். நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு மிக நெருங்கி நிற்பது கண்டுபிடித்தல் அல்ல, ‘ஆம்பிடுதல்’தான், எழுத்தில் அகப்படுதல் என்போம். ‘திறப்பு ஆம்பிட்டதா?’ என்று கேட்கிற வீட்டில் ‘திறப்பைக் கண்டுபிடித்தாயா?’ என்று கேட்டால், ஏதோ துப்பறியும் வேலை நடப்பது போல இருக்கும். ஆனால் ஆம்பிடுதலில் எழுவாயாக நிற்பது திறப்பு, ஃபைண்டில் எழுவாயாக நிற்பது ஆள். என் பிள்ளைகள் ‘தி கீ ஃபவுண்ட்’ என்று எழுதுவதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். தமிழில் சரியாக யோசித்து, அந்த ஒழுங்கிலேயே ஆங்கிலத்தை வைக்கிறார்கள். ‘ஐ ஃபவுண்ட் தி கீ’ என்று ஆளை முன்னே நிறுத்தப் பழக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தேடவே இல்லை, தற்செயலாகக் கிடைத்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘கம் அக்ராஸ்’ இருக்கிறது. கல்முனைச் சந்தையில் எதிர்பாராமல் பழைய சிநேகிதரைச் சந்தித்தால் ‘ரன் இன்டு’ என்பது இன்னும் இயல்பு. ‘ஃபைண்ட் அவுட்’ முற்றிலும் வேறு. பொருளுக்கு அதைச் சொல்வதில்லை, பெரும்பாலும் தகவலுக்கே சொல்வார்கள். அக்கரைப்பற்றுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஃபைண்ட் அவுட் செய்யலாம். பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த பையை ஃபைண்ட் அவுட் செய்ய முடியாது.

டிஸ்கவர் என்ற சொல்லில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதன் லத்தீன் வேருக்கு மூடியிருந்ததைத் திறத்தல் என்று பொருள். அதாவது பொருள் முன்பே இருந்தது, யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1928இல் ஃபிளெமிங் பெனிசிலினை டிஸ்கவர் செய்தார் என்பது சரி. 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற பெல் அதை இன்வென்ட் செய்தார், ஏனென்றால் அது அதற்கு முன் இருக்கவில்லை. இரண்டையும் நம் பாடநூல் வழக்கு ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவதால் பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பில்லை. ஆனால் ‘யாருக்கும் தெரியாமல்’ என்று சொல்லும்போது யாரைக் கணக்கில் எடுக்கிறோம்? 1848இல் மட்டக்களப்பு வாவியில் இரவு வேளையில் நீருக்கடியிலிருந்து எழும் இசையொலியைக் கேட்டு எழுதிவைத்தவர், அன்று இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட். அவர் அதை டிஸ்கவர் செய்தார் என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால் நான் சிவப்புக் கோடு போடுவேன். அது ஒரு வகை ஊரியின், அதாவது ஓட்டுக்குள் வாழும் நீர்நத்தையின், சத்தம் என்று அவருக்குச் சொன்னவர்களே இங்குள்ள மீனவர்கள்தான். தோணியில் அவர்கள் தினமும் கேட்டு வந்த ஒன்றை அவர் விசாரித்து அறிந்தார். அதற்கு ஃபைண்ட் அவுட் போதும். கனமான நடையில் எழுத விரும்பினால் ‘அசர்டெய்ன்’ என்று எழுதலாம்.

லொகேட் என்றால் இருப்பது தெரிந்த ஒன்றின் இடத்தை நிச்சயித்தல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் கடலடியில் கிடப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கே கிடக்கிறது என்பதே பின்னர் சுழியோடிகளின் கேள்வி. ஆகவே அந்தச் சிதைவை லொகேட் செய்வது என்பதே பொருத்தம். ஸ்பொட் கண்ணுக்கு உரியது, டிடெக்ட் கருவிக்கும் பரிசோதனைக்கும் உரியது. நம் செய்தித்தாள்கள் டெங்கு நோயாளர்கள் ‘இனங்காணப்பட்டனர்’ என்று எழுதுவது இந்த டிடெக்டுக்குப் பக்கத்தில் வருகிறது.

தேடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஃபைண்டும் உண்டு. ‘ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட்’ என்பதில் எதுவும் கிடைக்கவில்லை. எனக்குக் கடினமாக இருக்கிறது என்பதே பொருள். நீதிமன்றத்தில் ஒருவர் குற்றவாளியாக ‘ஃபவுண்ட்’ ஆகிறார். நம் பத்திரிகைகளில் அவர் ‘குற்றவாளியாகக் காணப்பட்டார்’ என்று வருவது அந்த ஆங்கிலத்தின் நிழல்தான். அலுவலகக் கடிதங்களில் வருகிற ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’ எனக்குப் பிடிக்காத தொடர். படிவம் கடிதத்தின் பின்னாலேயே குத்தப்பட்டிருக்க, அதைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் தோரணை அதில் இருக்கிறது. ‘இத்துடன் இணைத்துள்ளேன்’ என்ற தமிழ் நடையைப் போல ‘ஐ ஹேவ் அட்டாச்ட்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கடைசியாக, ஃபைண்டின் இறந்தகாலமான ‘ஃபவுண்ட்’ வேறொரு வினைச்சொல்லின் நிகழ்கால வடிவமாகவும் இருக்கிறது. அதற்கு நிறுவுதல் என்று பொருள், அதன் இறந்தகாலம் ‘ஃபவுண்டட்’. 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருக்கும் பாடசாலையைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் பற்றிப் பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது கடைசியில் வரும் அந்த ‘டட்’ அடிக்கடி விடுபட்டுப் போகிறது. பிறகு வாசித்தால், ஓல்ட் ஐயா தெருவால் போகும்போது அவருக்கு ஒரு பாடசாலை ஆம்பிட்டது போல இருக்கிறது.