இஞ்சித் துணுக்கும் 55 டிகிரியும்

சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் உலகக் கடல்களில் நிற்கும் ரிக்குகளில், அதாவது கிணறு துளைக்கும் மேடைகளில், எத்தனையோ ஜூரோங்கிலும் துவாஸிலும் கட்டப்பட்டவை. என் வேலையும் இங்கேதான். எங்கோ கடலில் துளைக்கும் கிணறுகளின் எண்களை ஷிப்ட் போட்டுத் திரையில் பார்ப்பது.

சேர்ந்த புதிதில் என் கண்ணெல்லாம் ஆர்.ஓ.பி. மீதுதான், அதாவது மணிக்கு எத்தனை மீட்டர் இறங்குகிறது என்பதில். ரிக் வாடகை நாள்கணக்கில் ஓடுகிறதே! பாறையை உடைக்க எவ்வளவு சக்தி செலவாகிறது என்று 1965இல் டீல் என்பவர் சொன்ன கணக்கும் திரையில் ஓடும். அன்று அதுவும் அழகாகக் கீழேயே இருந்தது. 12¼ அங்குலத் துளை, 55 டிகிரி சாய்வு. வேகமாக முடித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

குழாயை மேலே எடுக்கும்போது வந்தது வினை. குழாயைத் தூக்கும் கொக்கியில் எடை குபீரென ஏறியது. இழுத்தால் வரவில்லை. பம்பை ஓட்டி, சுழற்றிக்கொண்டே, 90 அடி 90 அடியாக உருவியதில் மிச்சம் பிடித்த நேரமும் போய், மேற்கொண்டு ஒரு நாளும் போனது.

அந்த வாரம் தேக்காவில் ஓர் அண்ணனைப் பார்த்தேன். தமிழ்நாட்டின் நரிமணம் எண்ணெய் வயலில் மட் இன்ஜினியராகத் தொடங்கியவர். பம்ப் துளைக்குள் தள்ளும், வெட்டிய துணுக்கை மேலே கொண்டுவரும் சேற்றுத் திரவம்தான் மட். இஞ்சித் தேநீர் கிளாஸைச் சாய்த்துக் காட்டினார். துணுக்கெல்லாம் கீழ்ப்பக்கச் சுவரில் போய்ப் படுத்துக்கொண்டது.

“உன் கிணறும் இப்படித்தான் தம்பி. குழாய் நுனியில இருக்கிற பிட் பாறையை எப்படி வெட்டுதுன்னு பார்த்தே. வெட்டினது எங்க போச்சுன்னு பார்த்தியா?”

“பம்பை இன்னும் வேகமா ஓட்டியிருக்கலாமோ அண்ணே?”

“அளவு மீறினா அழுத்தம் ஏறிப் பாறை விரியும். மட் அதுக்குள்ள போயிடும்.” கரண்டியால் கலக்கினார். இஞ்சி எழும்பியது. “குழாயைச் சுத்தணும். நல்லா சுத்தணும்.”

அடுத்த கிணற்றில் குழாயின் சுழற்சியைக் கூட்டி, துளைக்கும் வேகத்தைப் பிடித்து வைத்தோம். ஏன் இவ்வளவு மெதுவாக என்று ரிக்கிலிருந்து இரண்டு முறை கேட்டார்கள்; எனக்கு ஏசி அறையிலும் வியர்த்தது. ஆழத்தைத் தொட்டதும் உடனே குழாயை எடுக்கவில்லை. ஷேக்கர் சல்லடையில் கல்துணுக்கு வருவது நிற்கும்வரை மட் திரவத்தைச் சுழலவிட்டோம். விடிகாலை மூன்று மணிக்கு முதல் ஸ்டாண்ட், அதாவது முதல் 90 அடிக் குழாய், ஏறியது. எடைக்கோடு துள்ளவில்லை.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். “பாதி தூரம் வரட்டும், அப்புறம் சொல்லு” என்று பதில் வந்தது.