பெட்டியின் பின்பக்கம்

மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த மருந்தை எடுத்தாலும் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள். முன்பக்கம் இருப்பது விற்பனைப் பெயர். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் பின்னால் உள்ள பொடி எழுத்தில்தான்.

கவுண்டரில் அடிக்கடி கண்ணில் படும் ஆபத்து, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் உடம்புக்குள் போவது. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலுக்கு 500 மி.கி. மாத்திரை. சளிக்குப் போடும் கூட்டு மாத்திரையிலும் 325 அல்லது 500 மி.கி. அதேதான். வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் சளிப் பொடிகள் பலவற்றிலும் அது உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்துக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. மது அருந்துபவர்களுக்கும் உடல் மிக மெலிந்தவர்களுக்கும் அதுவே அதிகம். கல்லீரல் பாராசிட்டமாலை உடைக்கும்போது கொஞ்சம் நச்சுப்பொருள் உண்டாகிறது, கல்லீரலிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அதை முறிக்கிறது. அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்து கல்லீரல் செல்கள் சாகின்றன. முதல் நாள் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம், அதுதான் கொடுமை. முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்த நேரத்தை இழந்துவிடுகிறார்கள். சில நாடுகளில் இதே மருந்தின் பெட்டியில் அசிட்டமினோஃபென் என்று அச்சிட்டிருக்கும்.

மருந்தோடு சேர்ந்து வரும் துணைப்பொருள்களை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீரில் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் மாத்திரைகள் சிலவற்றில் ஒன்றுக்குச் சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 போட்டால் 3 கிராமுக்கு மேல் ஆகிவிடும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 2 கிராமுக்கும் கீழே. சாப்பாட்டில் உப்பைக் குறைத்த ரத்த அழுத்த நோயாளி, தலைவலிக்கு இதைப் போட்டால் குறைத்ததெல்லாம் வீண். அவருக்குச் சாதாரண மாத்திரையே போதும்.

பின்பக்கத்தைப் படித்தும் பிடிபடாத ஆபத்தும் உண்டு. 1937இல் அமெரிக்காவில் பாக்டீரியாத் தொற்றுக்கான சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2022இல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் குழந்தைகளுக்கான சிரப்புகளில் அதே நச்சு கண்டறியப்பட்டது. இதை வீட்டில் சோதிக்க வழியில்லை. தேவையில்லாத சிரப்பைத் தவிர்ப்பதுதான் கையில் இருக்கும் பாதுகாப்பு. 2 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் இருமல், சளி சிரப் கொடுக்கவே கூடாது. பெரிய குழந்தைக்குக் கொடுக்கும்போதும் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், எந்தத் தயாரிப்பில் வந்த மருந்து என்று காட்டும் தொகுதி எண் (batch number) அதில்தான் இருக்கிறது. மருந்தைச் சமையலறைக் கரண்டியில் ஊற்றாமல், கூடவே வரும் அளவு மூடியில் ஊற்றுங்கள்.

மூக்கடைப்புக்கான ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து மூக்கில் போட்டால், அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

தைலங்களை மருந்தாகவே பலர் நினைப்பதில்லை. வலித் தைலங்களில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுப்பொருள். பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட்டாகவே இருக்கும் கலப்பில்லாத விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம்; சிறு குழந்தையைக் கொல்ல அது போதும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தத் தைலத்தை நிறையத் தேய்த்தால் ரத்தக்கசிவு வரலாம். தைலங்கள் பலவற்றில் சேரும் கற்பூரத்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். அதனால்தான் தைலம் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்கிறோம்: வலிப்பின்போது வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உப்புத் தண்ணீரும் வேண்டாம், பாலும் வேண்டாம். தைலப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மருத்துவர் அதில்தான் பார்ப்பார்.