கட்டின பணத்தை விட்டுடுவேனா!

மும்பை செம்பூர் சித்தப்பா வேலை பார்த்ததெல்லாம் துறைமுகத்துலதான். ஆனா கணக்குப் பிரிவு. சர்வீஸ் முடியற வரைக்கும் ஒரு படகுல கால் வெச்சதில்ல. அந்தக் குறை தீர, ரிட்டயர் ஆனதும் டிராம்பே கோலிவாடா (மீனவர் குடியிருப்பு) நண்பர் ஒருத்தரோட பங்கு போட்டு ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினார். மீன் பிடிக்க இல்ல, தாணே க்ரீக்ல ஃப்ளமிங்கோ பார்க்க.

கையோட இன்சூரன்ஸும் போட்டார். அவரைப் பொறுத்தவரை இன்சூரன்ஸும் ஏலச்சீட்டு மாதிரிதான். கட்டினவன் ஒருநாள் எடுத்தே ஆகணும்.

எடுக்கிற வாய்ப்பு சீக்கிரமே வந்தது. ஒரு பௌர்ணமி அன்னிக்கு, மத்தியானம் தண்ணி ஏறி நிக்கிற ஹை டைட்ல படகை ஜெட்டியோட ஒட்டி, கயித்தை இறுக்கி முடிச்சுப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்துட்டார். மும்பைல பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஹை டைட்டுக்கும் லோ டைட்டுக்கும் நாலு மீட்டருக்கு மேலயே வித்தியாசம் வரும். சாயங்காலம் தண்ணி இறங்கிடுச்சு, படகு இறங்கல. முன்பக்கம் கயித்துல தொங்க, பின்பக்கம் சேத்துல குத்தி நின்னுது. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கயிறு கட்டியிருந்த கொக்கி, ஒரு சாண் ஃபைபரையும் பேத்துக்கிட்டு வந்தது.

அடுத்தது அனந்த சதுர்த்தசிக்கு மறுநாள். விசர்ஜனம் முடிஞ்சு மிதந்த மாலையும் துணியும் ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கிட்டு கியர்பாக்ஸ் காலி. க்ளெய்ம் ஃபாரத்துல ‘விபத்துக்குக் காரணம்’ங்கிற இடத்துல சித்தப்பா பயபக்தியோட ‘விநாயகர்’னு எழுதி வெச்சார். அப்புறம் வலை கட்ட நட்டிருந்த கம்பத்துல போய் முட்டினது தனிக்கதை. கண்ணாடி விரிசலுக்குக்கூட க்ளெய்ம் போட்டார், அதுல வந்த தொகையைச் சொன்னா சிரிப்பீங்க.

ரினீவலுக்குப் போனா, கம்பெனி ரொம்ப மரியாதையா முடியாதுன்னுடுச்சு.

சயான்ல ஒரு ஏஜென்ட்டைப் பிடிச்சோம், திருநெல்வேலிப் பையன். ப்ரொபோசல் ஃபாரத்தைப் பிரிச்சதும் முதல்ல விரல் வெச்ச இடமே ‘முந்தைய க்ளெய்ம்கள்’. அங்க ரெண்டு வரிதான் இடம் இருந்தது. சித்தப்பா தனித்தாள் கேட்டார்.

"தம்பி, என் காருக்கு அம்பது பர்சன்ட் நோ க்ளெய்ம் போனஸ் இருக்கு. அதைப் படகுக்கு மாத்திக்கலாமா?"

"இன்னொரு கார் வாங்கினா மாத்தலாம் சார். படகுக்கு ஆகாது."

கார் அபார்ட்மென்ட் கேட்டைத் தாண்டுறதே அபூர்வம், அதனால க்ளெய்மே போடாம சேர்ந்த ப்ரீமியம் தள்ளுபடி அது. சித்தப்பா அசரல. "அப்ப பாலிசியைச் சித்தி பேர்ல போட்டா?"

"படகு அதேதானே சார்? மறைச்சது தெரிஞ்சா பாலிசியே செல்லாதுன்னுடுவாங்க. 1963 கடல்சார் இன்சூரன்ஸ் சட்டத்துலயே இருக்கு, தெரிஞ்சதைச் சொல்லிடணும்னு."

சித்தி காப்பி டம்ளரை வெச்சுட்டு, "என் பேர்ல போடு தம்பி. அன்னிக்கே வித்துடறேன்"னா. அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது.

படகைப் பரிசோதிக்க சர்வேயர் வந்தார். சின்னச் சுத்தியலால படகு உடம்பு முழுக்க டொக் டொக்குனு தட்டி, காதைச் சாய்ச்சுக் கேட்டார். நல்ல இடம் கணீர்னுது, ஒட்டுப் போட்ட இடம் பொத்துனு கேட்டுது. பொத்துனு கேட்ட இடத்துக்கெல்லாம் சாக்பீஸ்ல ஒரு வட்டம். நாலஞ்சு வட்டம் ஆனதும் சித்தப்பா, "அது போன ஓனர் போட்டது சார்"னார். சர்வேயர் எங்க பழைய க்ளெய்ம் ஃபோட்டோவை எடுத்து அந்த இடத்துல வெச்சுப் பார்த்தார். அச்சு அசலா பொருந்துச்சு.

கடைசியில ஒருவழியா பாலிசி கிடைச்சுது. ப்ரீமியம் பழசைவிட ரொம்ப ஜாஸ்தி. மழைக்காலத்துல படகு கரைல ஏறி நிக்கணும். லைசென்ஸ் இருக்கிற தாண்டேல், அதாவது படகோட்டிதான் ஓட்டணும், சித்தப்பா ஓட்டக் கூடாது (எனக்குப் பிடிச்ச கண்டிஷன் இதுதான்). ஒவ்வொரு க்ளெய்ம்லயும் முதல்ல ஒரு பெரிய தொகை நம்ம கையிலேர்ந்து. கொக்கி, கண்ணாடி, கியர்பாக்ஸ் எதுவுமே அந்தத் தொகையை எட்டாது.

சித்தப்பா கணக்குப் பிரிவு மூளையோட யோசிச்சார். "அப்ப இதுல எதுக்குத்தான் தம்பி பணம் வரும்?"

"படகு மொத்தமா முழுகினா வரும் சார்."

சித்தப்பா ஜன்னல் வழியா டிராம்பே பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஏஜென்ட் ஃபைலைக் கட்டிக்கிட்டே, "வேணும்னே முழுக்கினா கிடையாது சார். அதுவும் அதே சட்டத்துல இருக்கு"ன்னான்.

"நான் ஒண்ணும் கேக்கலையேப்பா!"